கடனையும் அடைக்கணும், ஆடிக்கு மொய்யும் செய்யணும்: எதை முதலில் பார்ப்பது?

திருப்பூர் ஸ்டோர்கீப்பர்
22 ஜூன் 2025

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். நூல் கோன், பட்டன், லேபிள், பாலிபேக் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டாது. ஒரு பட்டன் பாக்கெட் குறைந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் எங்கே ஓட்டை என்றுதான் மூன்று வருஷமாகப் பிடிபடவில்லை.

சம்பளம் கைக்கு வருவது 32,500. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள், மாதம் சராசரியாக 6,000. வாடகை 8,500. மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் எல்லாம் 12,000. பெட்ரோல், போன், கரண்ட், பிள்ளைகளின் வேன் 3,500. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 1,800.

கடன் மூன்று. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2022 கடைசியில் வாங்கிய பர்சனல் லோன், மாதம் 6,700, இன்னும் 28 தவணை. மனைவியின் நகை 5 பவுன் வங்கியில் 1,50,000-க்கு அடகில் இருக்கிறது, வட்டி 9.5 சதவீதம். ஒவ்வொரு மார்ச்சிலும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறேன். மூன்றாவது கிரெடிட் கார்டு. இன்றைக்கு 41,000. போன வருஷம் இதே ஜூனில் 6,000தான் இருந்தது.

எல்லாம் போக மாதம் 6,000 மிஞ்சுகிறது. அதை அப்படியே கார்டில் கட்டிவிடுகிறேன். இரண்டு மாதம், மூன்று மாதம் ஒழுங்காகப் போகும். அப்புறம் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் 24,000, கார்டைத் தேய்த்தேன். போன தீபாவளிக்குத் தேய்த்தேன். வண்டி டயருக்கும் அம்மாவின் கண் டாக்டருக்கும் தேய்த்தேன். இந்தத் திடீர் செலவுகள் இல்லாவிட்டால் கார்டு எப்போதோ முடிந்திருக்கும்.

எங்கள் பூர்வீகம் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி என்றால் எங்கள் ஊர்களில் மொய் விருந்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முறை வரும். நேற்று வாட்ஸ்அப்பில் மூன்று பத்திரிகை வந்துவிட்டது. இன்னும் வரும்.

கேள்வி இதுதான். முதலில் கார்டை ஒழித்துவிட்டு அப்புறம் இந்தச் செலவுகளுக்குச் சேர்ப்பதா? இல்லை, கடன் ஓடட்டும் என்று விட்டுவிட்டு இப்போதே தனியாக எடுத்து வைப்பதா?


வட்டிக்கணக்கு
22 ஜூன் 2025

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் வரை போடுகிறார்கள், வருஷத்துக்கு 40-ஐத் தாண்டும். பாக்கி வைத்திருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றிலிருந்தே ஓடும். சேமிப்புக் கணக்கில் உங்களுக்கு என்ன தருவார்கள், மிஞ்சிப்போனால் 4 சதவீதமா? 40-க்குக் கடனை வைத்துக்கொண்டு 4-க்குச் சேமிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஒரு ரூபாயையும் வேறெங்கும் வைக்காமல் எல்லாவற்றையும் கார்டில் போடுங்கள்.


குமாரபாளையத்து அக்கா
23 ஜூன் 2025

மேலே எழுதியவர் கணக்கு சரி. ஆனால் தாளில்தான் சரி.

தம்பி, நீ 6,000-ஐயும் கார்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறாய். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் 24,000 கேட்கும்போது உன்னிடம் என்ன இருக்கிறது? கார்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் நீ கடன் அடைக்கவில்லை. கார்டை உண்டியலாக வைத்திருக்கிறாய், வருஷத்துக்கு 40 சதவீதம் வாடகை கொடுத்து.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும், வந்தபடியே போகும். 2019-இல் தறிப்பட்டறையில் வாங்கிய முன்பணம் 60,000 பாக்கி, அது போகக் குழுக் கடன் இரண்டு. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வருவார், வெள்ளிக்கிழமை இன்னொருத்தர். புதன்கிழமை மட்டும் நிம்மதியாகக் கதவைத் திறந்து வைப்பேன்.

நானும் உன்னை மாதிரிதான் திடீர் செலவு, திடீர் செலவு என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மகள், அப்போது எட்டு வயது, சொன்னாள்: "அம்மா, ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்னு எனக்கே தெரியுமே, உனக்கு எப்படித் திடீர்னு வந்துச்சு?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக் கீழே போட்டு உட்கார்ந்தேன். ஏப்ரலில் வீட்டு வரி. (30-ஆம் தேதிக்குள் கட்டினால் இப்போது 5 சதவீதம் கழிவு உண்டு. அதை எத்தனை பேர் வாங்குகிறார்கள்?) ஜூனில் பள்ளி. ஆடியில் நாத்தனாருக்குச் சீர். அக்டோபரில் மறுபடி வீட்டு வரி, தீபாவளி. தையில் பொங்கல், மாசியில் குலதெய்வம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் தொகையை எழுதிக் கூட்டினால் 31,000 வந்தது. இதில் எது திடீர்? கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அது திடீர். டெங்கு வந்தால் அது திடீர். தீபாவளி திடீரென்று வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

வாரக் கணக்குப் போட்டு, வாரம் 600 எடுத்து வைக்க ஆரம்பித்தேன். முதலில் அரிசிப் பானையில் வைத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது, அது போச்சு. அடுத்து தீபாவளிச் சீட்டில் போட்டேன். தெருவில் சீட்டுப் பிடித்த பெண் ஐப்பசிக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள், 2,400 போச்சு. கடைசியில் தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்கு. 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம். ஏடிஎம் கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் எந்த ஆப்பிலும் சேர்க்கவில்லை. பணம் எடுக்க வேண்டுமென்றால் பாஸ்புக்கோடு நடந்து போய், சீட்டு எழுதி, வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசைதான் எனக்குப் பூட்டு. பாதி ஆசை வரிசை நினைப்பிலேயே செத்துப்போகும்.

இதற்குத் தபால் ஆபீஸ் ஆர்.டி. போடாதே. அது 5 வருஷம். மூன்று வருஷத்துக்குள் உடைக்க முடியாது. வருஷா வருஷம் வருகிற செலவுக்கு அது ஒத்துவராது.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறதே, அதையும் தொடுவதில்லை. வந்த மறுநாள் எடுத்து அந்தப் பாஸ்புக்கில் போட்டுவிடுவேன். மகளுக்கு ஜூன் செலவு அதிலேயே பாதி ஓடிவிடும்.

குழுக் கடன் இரண்டும் 2022-இல் முடிந்தது. முன்பணம் இன்னும் 15,000 நிற்கிறது, அது வேறு கதை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். போன வருஷத்து பாங்க் ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து, மாதாமாதம் வராத செலவை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. அப்புறம் பேசலாம். இன்னொன்று, கடன் மூன்று என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நாலு தெரிகிறது. உங்கள் அப்பா மொய் விருந்து வைத்தாரா? எப்போது?


திருப்பூர் ஸ்டோர்கீப்பர்
29 ஜூன் 2025

அக்கா, உங்கள் கடைசி வரி ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

அப்பா 2022 ஆடியில் வைத்தார். நாலரை லட்சம் வசூல். தங்கச்சி கல்யாணக் கடன் அதில்தான் முடிந்தது. அந்த ஐப்பசியில் அவர் படுத்தார், மார்கழி தாண்டவில்லை. மொய் நோட்டு என் கைக்கு வந்தது. பத்திரிகை வந்தால் போவேன், கையில் இருப்பதை வைப்பேன். அது கடன் என்று நான் எங்கும் எழுதிப் பார்த்ததே இல்லை. கம்பெனியில் சரக்கு உள்ளே வந்தால் ஜி.ஆர்.என். என்கிற சரக்கு வரவுச் சீட்டு போடாமல் விடமாட்டேன். வீட்டில் நாலரை லட்சம் உள்ளே வந்திருக்கிறது, பதிவே இல்லை.

முதலில் நீங்கள் கேட்ட பட்டியல், போன வருஷத்துக்கு உள்ளது:

பள்ளி ஃபீஸ் மூன்று தவணையும் சேர்த்து 44,000
நோட்டு, புத்தகம், யூனிபார்ம் 6,000
மொய் 38,000
தீபாவளி 15,000
நகை வட்டி 14,250
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் 5,500
பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தது, குலதெய்வம் 6,000
அம்மாவின் டாக்டர், டெஸ்ட், கண்ணாடி 6,000

கூட்டினால் 1,34,750. நான் மனதில் வைத்திருந்தது ஒரு 70,000, 80,000.

நேற்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து மொய் நோட்டை எடுத்தேன். 2017-ஆம் வருஷத்து நோட்டு ஒன்று, 2022 ஒன்று, அப்பா வெளியே செய்த மொய்யை எழுதிய சின்ன நோட்டு ஒன்று. அப்பாவின் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகும். ஊர், பெயர், தொகை. சில இடத்தில் பெயர் இல்லை, "பம்புசெட் மேஸ்திரி", "கீரமங்கலம் பூக்கடை" என்றுதான் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் நான் பெயரை வாசித்தால் போதும், "அவன் அப்பன் காரியத்துக்கு நாம 500 செஞ்சோம், வீடு குடிபோனப்ப 1,000, அவன் நமக்கு 2,500 செஞ்சான், ஆயிரம் நாம குடுக்கணும்" என்று கடகடவென்று வருகிறது. 312 பெயர். இரவு ஒன்றரை மணி ஆகிவிட்டது. நடுவில் ஒரு பெயருக்கு அம்மா பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அந்தப் பக்கத்தில் அப்பா காப்பிக் கோப்பையை வைத்த வட்டத்தை அம்மா தடவிக்கொண்டிருந்தார்.

கணக்கு இதுதான்: 94 வீட்டுக்கு நாம் திருப்ப வேண்டியது மொத்தம் 1,46,500. இந்த மூன்று வருஷத்தில் அதில் 71,000 செய்துவிட்டேன். பாக்கி 75,500. போன வருஷம் நான் செய்த 38,000-இல் 16,000 யாருக்கும் கடனே இல்லாத வீடுகளுக்கு, கௌரவத்துக்காகச் செய்தது. இந்த ஆடி, ஆவணியில் முறை வருகிற வீடுகள் 9. அவர்களுக்கு மட்டும் 21,000.

என் மைத்துனர் ஒரு யோசனை சொல்கிறார். "2027 வரை ஏன் காத்திருக்கணும், அடுத்த ஆடியிலேயே உன் பெயரில் ஒரு விருந்து போடு, எல்லாக் கடனும் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.


தென்னந்தோப்பு
29 ஜூன் 2025

நான் ஆலங்குடிப் பக்கம், நம்ம ஏரியாதான். மைத்துனர் சொல்வதைக் கேட்காதீர்கள் தம்பி. நானே பட்டவன்.

மொய்யைக் கடன் என்று மட்டும் பார்ப்பதும் தப்பு. நீங்கள் பழைய மொய்யைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் வைக்கிறீர்கள் அல்லவா, அது உங்கள் சேமிப்பு. சரிக்குச் சரி வைத்தால் அந்த வீட்டோடு கணக்கு முடிந்தது. மேலே வைத்தால் தொடரும். ஆக, யாரோடு தொடரணும், யாரோடு முடிக்கணும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் திருப்பாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது, அது வேறு.

முறை வருவதற்கு முன்னால் விருந்து போட்டால் வருகிறவர்கள் பழைய பாக்கியைத்தான் கொண்டுவருவார்கள், அதுவும் பாதிப் பேர். கஜா புயலில் என் தோப்பில் 140 மரம் சாய்ந்தது. அடுத்த வருஷம் நானும் உங்கள் மைத்துனர் மாதிரி நினைத்துப் பந்தல் போட்டேன். எல்லார் வீட்டிலும் மரம் விழுந்திருக்கிறது, மொய் எங்கிருந்து வரும்? நினைத்ததில் பாதிகூடத் தேறவில்லை. கறி, பந்தல், பாத்திரம், சமையல், பிளக்ஸ் எல்லாம் கழித்தால் கையில் நின்றது ரொம்பக் கொஞ்சம். வந்த மொய்யை மட்டும் இன்றுவரை திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

2027-இல் முறைப்படி போடுங்கள். அதுவும் தனியாக வேண்டாம், பங்காளிகள் நாலு ஐந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் போடுங்கள், செலவு பிரிந்துவிடும். அதுவரைக்கும் கடன் இல்லாத வீட்டுக்குப் புதுமொய் வைக்காதீர்கள்.


குமாரபாளையத்து அக்கா
30 ஜூன் 2025

தோப்புக்காரர் சொன்னதுக்கு மேலே மொய் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்போது உன் ஓட்டையைப் பார். 1,34,750. தீபாவளி போனஸ் பற்றி எழுதவில்லை, ஏதாவது வருமா?


திருப்பூர் ஸ்டோர்கீப்பர்
30 ஜூன் 2025

போன வருஷம் 22,000 வந்தது அக்கா. எழுத விட்டுவிட்டேன்.


குமாரபாளையத்து அக்கா
30 ஜூன் 2025

அதைக் கழித்தால் 1,12,750. மாதத்துக்கு 9,400. உன்னிடம் மிஞ்சுவது 6,000. மாதம் 3,400 துண்டு விழுகிறது, வருஷத்துக்கு 40,000 சொச்சம். உன் கார்டு ஒரே வருஷத்தில் 6,000-இலிருந்து 41,000 ஆனது. மாயமும் இல்லை மந்திரமும் இல்லை, உன் கார்டு பாக்கிதான் உன் வருஷத் துண்டு. முன்னே பின்னே இருக்கிறதை உன் பெண்சாதி தையல் காசில் சத்தமில்லாமல் அடைத்திருப்பாள், கேட்டுப் பார்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். கார்டு பாங்குக்குப் போன் போட்டு 41,000-ஐத் தவணையாக மாற்றச் சொல். பாதிக்கும் குறைவான வட்டியில் மாற்றித் தருவார்கள், 24 தவணை என்றால் மாதம் 2,000 பக்கம் வரும். மாற்றியதும் அந்தக் கார்டை உன் சட்டைப் பையில் வைக்காதே. அம்மா பெட்டியில் போடு.

நகை. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. 5 பவுனை வைத்து 1,50,000 வாங்கியிருக்கிறாய். வைத்தபோது இருந்த விலையா இன்றைக்கு? இரண்டு பவுன், மிஞ்சிப்போனால் இரண்டரை பவுனைக் கொடுத்தால் கடன் மொத்தமும் முடியும். மீதி வீட்டுக்கு வரும். வருஷம் 14,250 மிச்சம். ஆனால் இது நீ முடிவு செய்கிற விஷயம் இல்லை. அவள் நகை. அவளிடம் கேள், அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு.

மொய் 21,000, நகை வட்டி இல்லை, தீபாவளியை 10,000-க்குள் பார்த்துக்கொண்டால் வருஷச் செலவு 98,500-க்கு இறங்குகிறது. போனஸ் போக மாதம் 6,400. கார்டுத் தவணை 2,000. ஆக 8,400 வேண்டும், இருப்பது 6,000. இன்னும் 2,400 துண்டு விழுகிறது. இதை நான் எப்படி மறைப்பது? உன் பர்சனல் லோன் 2027-இல் முடியும்வரை இந்தத் துண்டு நிற்கும். முகூர்த்த மாதம், தீபாவளி, பொங்கல் என்று தையல் கூடுதலாக வருகிற மாதத்தில் வருவதைச் சராசரிக்குள் கரைத்துவிடாமல் தனியாக எடுத்து வை. சின்னவன் எத்தனையாவது? ஆறாவதுக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தால் என்ன? ஆறிலிருந்து அங்கே படித்தால் காலேஜ் போகும்போது தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரமும் கிடைக்கும். என் மகள் அரசுப் பள்ளிதான், முதல் மூன்று ரேங்குக்குள் வருகிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.


வட்டிக்கணக்கு
1 ஜூலை 2025

கார்டைத் தவணையாக மாற்றியபின் அக்கா சொல்கிற மாதிரிப் பிரித்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 40 சதவீதம்தான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. தவணையாக மாற்றும்போது ப்ராசசிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.


திருப்பூர் ஸ்டோர்கீப்பர்
18 ஜனவரி 2026

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. ஆள் ஓடிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

கார்டு மாறிவிட்டது, மாதம் 2,010. அதற்கப்புறம் ஒருமுறைகூடத் தேய்க்கவில்லை. தபால் ஆபீசில் கணக்குத் தொடங்கினேன், மாதம் 4,000 என்று திட்டம். ஆனால் ஆரம்பித்த மாதமே ஆடி. கணக்கில் இருப்பதோ 4,000, மொய்க்கு வேண்டியது 21,000. கம்பெனியில் சம்பள முன்பணம் 10,000 வாங்கினேன், வட்டி இல்லை, ஐந்து மாதம் 2,000 வீதம் பிடித்தார்கள். அதனால் அந்த ஐந்து மாதமும் பாஸ்புக்கில் 2,000தான் போட முடிந்தது. அப்படியும் 5,000 குறைந்தது. மனைவி சமையலறை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா சொன்னது சரிதான், அவள் வெகுநாளாகவே இப்படி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எங்கள் ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் நின்றுபோனது. போனஸ் 22,000 எதிர்பார்த்தேன், 15,000 வந்தது. ஜூன் மாதத்துக்கு முந்தைய ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே கார்டைத் தேடிப் போயிருப்பேன்.

நகை விஷயத்தை நான் எடுக்கவே பயந்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மெதுவாகச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தவே இல்லை. "மூணு வருஷமா நான் கழுத்துல போடாத நகைக்கு வருஷம் பதினாலாயிரம் வாடகை குடுத்துக்கிட்டிருக்கோம். அந்தச் சங்கிலியைக் குடுத்துடுங்க, எனக்கு அந்த டிசைனே பிடிக்காது" என்றாள். மைத்துனரிடம் (விருந்து யோசனை சொன்ன அதே மைத்துனர்தான்) இரண்டு நாள் கைமாற்று வாங்கி அசலும் வட்டியுமாக 1,58,000 சொச்சம் கட்டி நகையைத் திருப்பினேன். 2 பவுன் சங்கிலியை விற்றதில் கழிவு போக 1,71,000 கிடைத்தது. மைத்துனர் பணத்தைக் கொடுத்தது போக 12,700 மிஞ்சியது. அது பாஸ்புக்குக்குப் போனது. மீதி 3 பவுன் வீட்டில் இருக்கிறது. தீபாவளியன்று மனைவி வளையலைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனாள்.

தீபாவளி 10,000-க்குள் முடியவில்லை, 11,200. பள்ளித் தவணை இரண்டும் கணக்கிலிருந்தே கட்டினேன். வண்டிக்கு டயர் 1,900. பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிட்டோம், அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் பஸ்ஸில் ஊருக்குப் போய்வந்தார்கள், 2,000. இந்த மாதத்து 4,000-உம் போட்டாயிற்று. பாஸ்புக்கில் இப்போது 4,600 இருக்கிறது.

ஜூன் வரை மாதம் 4,000 போட்டால் ஃபீஸ் 24,000-க்குச் சரியாக வந்துவிடும். நோட்டு, புத்தகம் 6,000-க்கு இன்னும் வழி தெரியவில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் பிளவுஸ் ஆர்டர் வரும் என்று மனைவி சொல்கிறாள். சின்னவனை அரசுப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. பெரியவள் காலண்டர் வேலையை எடுத்துக்கொண்டாள். 2026 காலண்டரில் பச்சை மையில் பள்ளி, சிவப்பு மையில் மொய் என்று எழுதி வைத்திருக்கிறாள். ஆடி மாதம் முழுக்கச் சிவப்பு.

போன வாரம் ஊரிலிருந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. பெயரைப் பார்த்ததும் வழக்கம்போல எவ்வளவு வைப்பது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நோட்டை எடு என்றுகூடச் சொல்லவில்லை.

"அவன்தான்டா நமக்கு ரெண்டாயிரம் தரணும். போய் வயிறாரச் சாப்ட்டுட்டு வா."